செத்த கம்பிக்குக் கரண்டு

அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் தவறினால் கோபம் வராது. வாசலில் அரை மணி நேரம் காக்க வைத்தாலும் வராது. படக் கம்பெனியில் வேலை செய்கிறவள் என்று ராசிபுரம் பஸ்ஸில் யாராவது ஒரு தினுசாகப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தால், "எடம் தாராளமாக் கெடைச்சுது" என்று ஜன்னலோரம் நகர்ந்துகொள்வார். ஆனால் ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. எதிரே நிற்பது முதலாளியா, கூட்டுகிறவளா என்று பார்க்க மாட்டார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது. எங்கள் தபேலாக்காரர் சும்மா பேச்சுக்கு, "நல்ல வெண்கலம், நாதத்தைப் பாரு" என்றார். அந்த அம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வெண்கலமுங்களா அது? பித்தளைங்க. வெண்கலமா இருந்தா இத்தனை சீக்கிரம் வாயை மூடுமா?"

தபேலாக்காரர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. டம்ளரை எடுத்து இன்னொரு தரம் போடச் சொல்லி, பித்தளைதான் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் ரசம் ஊற்றிக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு விஷயமாக்கா?" என்று கேட்டேன்.

"பித்தளை போட்ட சத்தத்துக்கு வெண்கலம் பேரு வாங்கலாமுங்களா தம்பி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் கிளாரினெட் வாசிக்கிறவன். நாடகக் கம்பெனி கலைந்துபோய், யுத்த காலத்தில் சேலத்துக்கு வெளியே ஒரு படக் கம்பெனியில் வாத்திய கோஷ்டிக்கு வந்து சேர்ந்தேன். பழைய பஞ்சுக் கிடங்கை மாற்றிக் கட்டிய கம்பெனி. இப்போது அந்த இடத்தில் அதன் சுவர்கூட இல்லை. யுத்தத்துக்கு முன்னால் முதலாளி கல்கத்தாவிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கிதார் வரவழைத்திருந்தார். மடியில் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்பு உருளையை வழுக்கிக்கொண்டே வாசிக்கிற வகை. கூடவே ஒரு ஆம்ப்ளிபையர் பெட்டி. அதை வாசித்த கல்கத்தாக்காரர், அங்கே குண்டு விழுகிறது என்ற செய்தி வந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். கிதார் எட்டு மாதம் பெட்டிக்குள் கிடந்தது.

அப்போதுதான் எங்கள் பாட்டு வாத்தியார் அந்த அம்மாவைக் கூட்டிவந்தார். நாற்பது வயதிருக்கும். கோயில்களில் கோட்டு வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். பார்க்க வீணை மாதிரி இருக்கும். ஆனால் விரல் வைக்கிற மெட்டுக் கட்டைகள் கிடையாது, ஒரு கட்டையைக் கம்பிமேல் இழுத்து வாசிக்க வேண்டும். கிதாரும் இழுத்து வாசிப்பதுதானே என்பது பாட்டு வாத்தியாரின் கணக்கு.

முதல் நாள் இன்ஜினீயர் பெட்டியைத் திறந்தார். அவரைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மதராஸில் படித்தவர், முழுக்கை சட்டை, வயதில் அந்த அம்மாவைவிட ஏழெட்டு வருஷம் சிறியவர். ஆனால் வாயைத் திறந்தால் "நீ"தான்.

"பயப்படாதே. நீ சும்மா தொட்டால் போதும். மத்ததை ஆம்ப்ளிபையர் பார்த்துக்கும்."

அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. கீழே பாயை விரித்து, கிதாரை ஒரு பலகைமேல் வைத்து, கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். பெட்டியிலிருந்து ஈயம் போன பாத்திரத்தைச் சுரண்டியது போல ஒரு சத்தம் வந்தது.

"இந்தக் கரண்டுக் கம்பியைப் பிடுங்குங்க" என்றார்.

"பிடுங்கினால் அது வெறும் பலகை" என்று சிரித்தார் இன்ஜினீயர்.

"பலகை என்ன சொல்லுதுன்னு கேக்கோணுமுங்க."

பிடுங்கினார்கள். அந்த அம்மா குனிந்து, காதை மரத்தோடு ஒட்டிவைத்து, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டினார். ஒவ்வொன்றும் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். நாங்கள் பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"கம்பி செத்துப் போச்சுங்க. எட்டு மாசத் துருவும் அழுக்கும் அதும்மேல இருக்குது. செத்த கம்பிக்குக் கரண்டு குடுத்தா என்னுங்க வரும்? பொணம் சத்தமாக் கத்தும், அவ்வளவுதானே?"

இன்ஜினீயருக்கு அன்றைக்கே அந்த அம்மாவைப் பிடிக்காமல் போனது.

யுத்த காலத்தில் புதுக் கம்பிக்கு எங்கே போவது? மெல்லிய கம்பிகளுக்குத் தன் கோட்டு வாத்தியத்தின் எஃகுக் கம்பிகளைக் கழற்றிப் போட்டார். தடித்த கம்பிக்குப் பித்தளைக் கம்பி போட்டுப் பார்த்தார். காதில் கேட்கிறது, பெட்டியில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் இதே கோபமாக இருந்தார். "இத்தனை நல்லாப் பாடற பித்தளைக்கு இங்க மட்டும் ஏன் வாயில்லை?" மூன்றாம் நாள் ஒரு குண்டூசியைக் கிதாரின் மேல் தவறவிட்டார். கம்பிகளுக்கு அடியில் இருந்த கறுப்புப் பட்டை அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டது. அந்த அம்மா சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

"காந்தமுங்க! இந்தப் பொட்டி காத்துல வார சத்தத்தையே கேக்கறதில்லை. காந்தத்துக்கு மேல இரும்பு ஆடறதை மட்டும்தான் கேக்குது. பித்தளை எத்தனை அழகா ஆடுனாலும் அதுக்குக் கண்ணு தெரியாது."

தடித்த பழைய கம்பிகளைக் கழற்றிச் சோடா உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து, இழைகளுக்குள் ஏறியிருந்த அழுக்கை எடுத்து, வெயிலில் உலர்த்தி மாட்டினார். பாதி உயிர் வந்தது. காந்தத்தைத் தாங்குகிற திருகுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி மேலே ஏற்றிப் பார்த்தார். ரொம்பக் கிட்டே போனால் சத்தம் பெரிதாகிறது, ஆனால் காந்தம் கம்பியையே பிடித்து இழுத்து சுருதியைக் கெடுக்கிறது. தள்ளிப் போனால் குரல் மெலிகிறது. நடுவில் ஓர் இடம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

கல்கத்தாக்காரர் விட்டுப்போன உருளை மெல்லியது. அந்த அம்மா தன் மரக்கட்டையால் இழுத்தால் ஸ்வரம் உடனே செத்துவிடுகிறது. கனமான எஃகு வேண்டும் என்று லாரிப் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். லேத்துக்காரர் லாரி அச்சின் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த வண்டிக்குங்கம்மா இது?" என்றார்.

"வண்டிக்கில்லீங்க. பாட்டுக்கு."

"பாட்டுக்கு எதுக்குங்க லாரி அச்சு?"

"ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சா உடாம நிக்கோணுமுங்க. லேசான ஆளு நிப்பானுங்களா?"

லேத்துக்காரர் வேறு பேச்சில்லாமல் கடைந்து, மெருகேற்றிக் கொடுத்தார். கட்டை விரல் தடிமன், நல்ல கனம். அதைக் கம்பிமேல் வைத்து இழுத்தபோது ஸ்வரம் நீண்டுகொண்டே போனது. பிறகு, மீட்டுகிற இடம். கம்பிகளை நுனியில் தாங்குகிற பாலத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் குத்துகிறது. உள்ளே தள்ளிவர வர உருண்டு வருகிறது. ஒரே வரியில் இரண்டு அங்குலத்துக்குள் கையை நகர்த்தி நகர்த்தி, கேள்வி மாதிரியும் பதில் மாதிரியும் வாசிப்பார். பெட்டியின் சத்தத்தைக் கூட்டவே விட மாட்டார். "ஓவராக் கூட்டுனா பொட்டி பேச ஆரம்பிச்சுருமுங்க, கம்பி பேசாது."

ஒரு சாயங்காலம் ஒத்திகையில் சட்டென்று நிறுத்தினார். "கரண்டு சோந்துபோச்சுங்க. பொட்டியோட தொண்டை கட்டிக்கிச்சு."

"மேட்டூர் கரண்டு உன் தொண்டை மாதிரி கட்டாது. வாசி" என்றார் இன்ஜினீயர்.

"அளந்து பாருங்க."

எல்லார் முன்னாலும் மீட்டரை எடுத்துவந்து பார்க்க வேண்டியதாயிற்று. முள் நன்றாகக் கீழே இறங்கிக் கிடந்தது. ஊரில் விளக்குப் போடுகிற நேரம். முதலாளி, "அட, இந்தம்மா காதே மீட்டரா இருக்கே" என்று சிரித்தார். இன்ஜினீயர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் அவர் பின்னால் பழி தீர்த்துக்கொண்டார் என்பது என் அபிப்பிராயம்.

அப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்தில், மகனை யுத்தத்துக்கு அனுப்பிவிட்டு ரயிலடியில் நிற்கிற ஒரு தாயின் பாட்டு. இரண்டு சரணங்களுக்கு நடுவே வார்த்தை இல்லாமல் கிதார் மட்டும். காலையில் ஒரே தடவையில் பதிவானது. ரயில் போய்விட்ட பிறகும் தண்டவாளத்தில் கொஞ்ச நேரம் ஒரு சத்தம் மிச்சமிருக்குமே, அப்படி இருந்தது. பாடின பெண் இரண்டாம் சரணத்தை எடுக்க மறந்து நின்றாள். தபேலாக்காரர் ஜாடை காட்டி எடுக்க வைத்தார். அந்தத் தயக்கமும் பதிவில் அப்படியே இருக்கிறது.

படம் ஓடியது. ஜலகண்டாபுரத்திலிருந்தும் ஜேடர்பாளையத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். அந்தக் கிதார் வரும்போது கொட்டகையில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். பாட்டுப் புத்தகம் அச்சாகி வந்தது. உடுப்பு தைத்தவர் பேர் இருந்தது. குதிரைக்காரர் பேர் இருந்தது. "எலெக்ட்ரிக் கிதார் நாதம்" என்று போட்டு, எதிரே இன்ஜினீயர் பேர் இருந்தது!

சேலத்தில் வெற்றி விழா நடந்தது. மேடையில் கிதாருக்கும் பெட்டிக்கும் மாலை போட்டு வைத்திருந்தார்கள். இன்ஜினீயருக்குப் பதக்கம். அவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசினார்: "ஒரு பலகை, ஆறு கம்பி. அதற்கு உயிர் கொடுத்தது விஞ்ஞானம். ஆம்ப்ளிபையரை நான் ஒரு விதமாக அமைத்தேன். அதன் பிறகு யார் தொட்டிருந்தாலும் இந்த நாதம் வந்திருக்கும்."

பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அம்மா எழுந்தார்.

"ஏனுங்க, யாரு தொட்டாலும் வருமுங்களா?"

சபை திரும்பிப் பார்த்தது.

"அப்ப நீங்க தொடுங்க. சாமானெல்லாம் உங்க பக்கத்துலயே இருக்குது. எப்படி வேணுமோ அப்படித் திருகி வெச்சுக்குங்க. ஒரே ஒரு வரி. வந்துருச்சுன்னா இந்தச் சபையிலயே உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறனுங்க."

முதலாளி எழுந்து, "அம்மா, பெரியவங்க வந்திருக்கிற இடம். உட்காருங்க" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "இதென்ன கச்சேரியா, குழாயடிச் சண்டையா?" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. அந்த அம்மா எங்கள் வரிசையைப் பார்த்தார். பத்துப் பேர் இருந்தோம். அந்த ஒரு வாரத் திருகலையும், குண்டூசியையும், லாரி அச்சையும் கண்ணால் கண்டவர்கள். ஒருவர் எழுந்து "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் போதும். ஒருவரும் எழவில்லை. நானும் எழவில்லை. அவர் நடந்து வெளியே போவதை நான் முழுசாகப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த படத்துக்கு மதராஸிலிருந்து ஒரு வாலிபர் வந்தார். விரல் வேகமானவர், குறை சொல்வதற்கில்லை. இன்ஜினீயர் பெட்டியின் குமிழ்களில் தான் அமைத்த இடங்களில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டுக்கு நேராகத் திருகினார்கள். கம்பி பழையது, உருளை கல்கத்தாக்காரர் விட்டுப்போன மெல்லியது, கை எப்போதும் பாலத்தோரம். தகரத்தில் ஆணியால் எழுதின மாதிரி வந்தது. அதையும் படத்தில் சேர்த்து வெளியிட்டார்கள். கொட்டகையில் அந்த இடத்தில் ஜனங்கள் வேர்க்கடலை வாங்க எழுந்து போனார்கள். அதற்கடுத்த படத்துக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ராசிபுரம் போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாய்யா" என்றார்.

தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. கோட்டு வாத்தியம் உறை போட்டு மூலையில் நின்றது. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு சபையில என்னத்தைப் பாத்துட்டு இருந்தீங்க தம்பி?"

பொய் சொல்ல முடியவில்லை. "என் செருப்பைப் பார்த்துக்கிட்டிருந்தேங்க்கா."

"நல்ல செருப்புங்களா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். வெளியே தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"பேரு போடறதாச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"சரி, வாரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு வரணும்? இப்பவாவது கேட்டு வாங்குங்க. அவங்களுக்கு இப்ப உங்களை விட்டா வழியில்லை."

"கேட்டாக் குடுக்க மாட்டாங்க. நானும் போகாட்டி அந்தப் பையன் போட்ட சத்தமே ஊரெல்லாம் போகும். போன வாரம் டெண்டுக் கொட்டாயில கேட்டனுங்க. மூணு நாளாச் சோறு எறங்கலை. அந்தக் கிதார் பாவமுங்க. அது அப்படிப்பட்டதில்லை."

வந்தார். வாசித்தார். ஜனங்கள் மறுபடியும் மூக்குச் சிந்தினார்கள். பாட்டுப் புத்தகத்தில் மறுபடியும் இன்ஜினீயர் பேர். இந்தத் தடவை வெற்றி விழாவுக்கு அந்த அம்மாவுக்கு அழைப்பே போகவில்லை. இன்ஜினீயர் மறுபடியும் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

"பொய்!" என்றேன். "அந்த நாதம் முழுக்க முழுக்க ஒரு அம்மாவின் விரலிலிருந்து வந்தது. அவங்களைக் கூப்பிடக்கூட இல்லை. இந்தப் பெட்டியும் கம்பியும் வெறும் சாமான். இன்ஜினீயருக்கு அதில் இம்மியளவு பங்கும் கிடையாது!"

மறுநாள் எனக்கு வேலை இல்லை. முதலாளியின் கணக்கப்பிள்ளை கேட்டுக்கு வெளியே வைத்தே சொல்லிவிட்டார். எனக்குத் துக்கம் இல்லை, உடம்பெல்லாம் ஒரு பெருமை. அடுத்த பஸ்ஸில் ராசிபுரம் போனேன். நடந்ததைச் சொன்னேன், சபையில் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா கண்கலங்குவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் முகம் சிவந்தது.

"விரல்ல இருந்து மட்டுமா வந்துது? நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தவருதானே? என் விரலை வெச்சுத்தான் மொத நாள் அந்தக் கம்பியைத் தொட்டேன். என்ன வந்துது? பொண ஓலந்தானே வந்துது? கம்பி இல்லாம, காந்தம் இல்லாம, அந்த மரம் இல்லாம, லேத்துக்காரரு இல்லாம என் விரல் காத்துலயா பாடும்?"

"அக்கா, நான் உங்களுக்காக..."

"அந்த ஆளுக்கு இம்மியும் பங்கில்லைன்னு சொன்னீங்களே. பதிவுக்கு முந்தின நாளு பொட்டிக்குள்ள இருந்த கண்ணாடி வால்வு ஒடைஞ்சு போச்சே, சண்டைக் காலத்துல எங்கயும் கெடைக்காம அவரு ஊட்டு ரேடியோவுல இருந்து கழட்டிட்டு வந்து போட்டாரே. அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். வேண்டுமென்றேதான் அதை விட்டிருந்தேன். அந்த ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை கொடுக்க எனக்கு மனசில்லை.

"அவரு முழுசும் எனக்குன்னாரு. நீங்க முழுசும் அந்தம்மாவுக்குன்னீங்க. ரெண்டும் ஒரே பொய்தானுங்க தம்பி."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்காக வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறேன். எனக்கு இதுதான் கிடைச்சுதா?"

"எனக்காக உட்டிருந்தா நாளைக்கே போயி மன்னிப்புக் கேட்டு வேலையை வாங்கிக்குங்க. நெசத்துக்காக உட்டிருந்தா, நெசத்தை முழுசாச் சொல்லிப்போட்டு உடுங்க." உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தார். "உக்காருங்க சாமி. சோறு தின்னுட்டுப் போங்க."

சாப்பிட்டேன். இரண்டு நாள் எனக்கு ஆறவில்லை. மூன்றாம் நாள் காலையில் கம்பெனி கேட்டுக்குப் போய் முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே விட உத்தரவில்லை என்றார் வாட்ச்மேன். ஆட்டையாம்பட்டிப் பக்கத்து ஆள், நல்லவர். வெயிலாக இருக்கிறதே என்று தன் முக்காலியை எனக்குக் கொடுத்தார்.

சொல்ல வந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அவரிடமே சொன்னேன். கம்பி எப்படிக் கொதித்தது, காந்தம் எதைக் கேட்கிறது, மரம், அந்தக் கனமான உருளை, மீட்டுகிற இரண்டு அங்குல இடம், சத்தத்தைக் கூட்ட விடாத பிடிவாதம், இன்ஜினீயர் வீட்டு ரேடியோவிலிருந்து கழற்றி வந்த வால்வு, இத்தனையும் ஒன்றாகச் சேருகிற இடத்தைக் காதால் கண்டுபிடித்த அந்த அம்மா. ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை.

வாட்ச்மேன் முழுசையும் பொறுமையாகக் கேட்டார். பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"அப்பறம் ஏனுங்க, குதிரைக்காரரு பேரு வரைக்கும் போட்ட பாட்டுப் புஸ்தகத்துல அந்தம்மா பேரை மட்டும் போடலை?"